குளிர்கால நிறுத்தத்தில் மோட்டார்ஹோம் பற்றரிகள்: வாசகர் கேள்வி – பதில்

ஒன்ராறியோவிலும் அல்பேர்ட்டாவிலும் முகாம் பருவம் முடிந்து வண்டிகளை நிறுத்தும் காலம் இது. மோட்டார்ஹோம் வைத்திருக்கும் வாசகர்களிடமிருந்து பற்றரி, மின் இணைப்பு ஆகியவை தொடர்பாக வந்த கேள்விகளை ஒன்றாகத் தொகுத்து இம்மாதம் பதிலளிக்கிறோம்.

கேள்வி: வணக்கம் ஐயா. எங்கள் மோட்டார்ஹோமை நவம்பர் தொடக்கத்தில் மின் இணைப்பு இல்லாத ஒரு நிறுத்திடத்தில் விடுவது வழக்கம். கதவருகே இருக்கும் பற்றரி துண்டிப்புச் சுவிச்சை அணைத்துவிட்டுத்தான் வருகிறோம். அப்படியிருந்தும் சென்ற ஏப்ரலில் போய்த் திறந்தபோது வீட்டுப் பகுதிப் பற்றரிகள் (எஞ்சினுக்கல்லாமல், வண்டியில் நாம் தங்கும் பகுதிக்கு மின் கொடுப்பவை) இரண்டிலும் மின் முற்றாக இறங்கியிருந்தது. ஒன்றின் பெட்டி பக்கவாட்டில் வீங்கியும் இருந்தது. பழுது சுவிச்சிலா, பற்றரியிலா?
— வாசகர், மார்க்கம்

பதில்: பெரும்பாலும் இரண்டிலும் இல்லை. அந்தச் சுவிச் எதைத் துண்டிக்கிறது, எதைத் துண்டிக்காமல் விடுகிறது என்பதை வண்டி வாங்கும்போது யாரும் விளக்கிச் சொல்வதில்லை. ஆண்டுதோறும் நல்ல பற்றரிகள் வீணாகப் போவதற்கு அதுவே முதற் காரணம். பல வண்டிகளில் கதவருகே உள்ள சுவிச், விளக்குகளுக்கும் தண்ணீர்ப் பம்பிக்கும் வெப்பமூட்டியின் விசிறிக்கும் மின் கொடுக்கும் பியூஸ் பலகையை மட்டுமே துண்டிக்கிறது. புரொப்பேன் கசிவைக் கண்டறியும் கருவி, வாசற்படியின் மோட்டார், வானொலியின் நினைவகம், சூரியத் தகட்டின் கட்டுப்பாட்டுப் பெட்டி, பற்றரி மின்னை 120 வோல்ட்டாக மாற்றும் இன்வேர்ட்டர் போன்றவற்றிற் சில அந்தச் சுவிச்சைத் தாண்டி நேரே பற்றரியுடன் இணைக்கப்பட்டிருக்கும். உள்ளே ஆட்கள் உறங்கும்போது யாரும் தவறுதலாக அணைத்துவிடக் கூடாது என்பதற்காகவே கசிவுக் கருவியை அப்படி இணைக்கிறார்கள். அது நியாயமான ஏற்பாடு. ஆனால் ஆளில்லாத வண்டியிலும் அது இரவுபகலாக மின்னை இழுத்துக்கொண்டே இருக்கிறது.

இழுக்கும் அளவு சிறிதாகத் தோன்றலாம். கசிவுக் கருவியும் மற்றச் சில்லறைக் கருவிகளும் சேர்ந்து 100 மில்லி அம்பியர் எடுக்கின்றன என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 2.4 அம்பியர்-மணி போகிறது. 100 அம்பியர்-மணி கொள்ளளவுள்ள இரண்டு பற்றரிகள் சேர்ந்திருந்தாலும் ஏறத்தாழ 83 நாட்களில், அதாவது ஜனவரி மாதக் கடைசியில், அவை வெறுமையாகிவிடும். ஆண்டின் கடுங்குளிர் விழும் நாட்களும் அவைதான். இன்வேர்ட்டரை அணைக்க மறந்திருந்தால் இவ்வளவு காலம்கூடத் தாங்காது. பெரிய இன்வேர்ட்டர்கள் எந்த வேலையும் செய்யாமல் விழித்திருப்பதற்கே ஒன்று அல்லது இரண்டு அம்பியர் எடுப்பதால் ஒரு வாரமே போதும்.

பெட்டி வீங்கியதற்குக் காரணம் உள்ளே உருவான பனிக்கட்டி. ஈய-அமிலப் பற்றரி மின்னை வெளியேற்றும்போது அமிலத்தில் உள்ள சல்பேற்று ஈயத் தகடுகளிற் போய்ப் படிகிறது. கரைசல் மெல்ல மெல்ல வெறும் நீரை நோக்கிப் போகிறது. முழு மின்னேற்றத்தில் கரைசலின் சாரடர்த்தி (நீரைவிட எத்தனை மடங்கு அடர்த்தி என்பது) 1.27 அளவில் இருக்கும். அந்தக் கரைசல் பூச்சியத்துக்குக் கீழ் 60 பாகை செல்சியசிலும் உறையாது. மின் முற்றாக இறங்கிய பற்றரியில் சாரடர்த்தி 1.12 அளவுக்குத் தாழ்ந்துவிடும். அது பூச்சியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 10 பாகையிலேயே உறையத் தொடங்கும். குளிர்தான் பற்றரியைக் கொன்றது என்று பலர் நினைக்கிறார்கள். மின் நிறைந்த பற்றரியை நம் ஊர்க் குளிர் எதுவும் செய்வதில்லை. வெறுமையான பற்றரியைத்தான் அது உடைக்கிறது. உறையாமல் தப்பினாலும், மாதக்கணக்கில் வெறுமையாகக் கிடக்கும் பற்றரியின் தகடுகளில் ஈயச் சல்பேற்று கடினப் படிகமாக இறுகிவிடுவதால், பின்னர் எவ்வளவு நேரம் மின்னேற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது.

வீங்கிய பற்றரிக்குச் சார்ஜரை மாட்டாதீர்கள். வேறு வண்டியிலிருந்து கேபிள் கொடுத்தும் முயலாதீர்கள். உள்ளே தகடுகள் வளைந்து ஒன்றையொன்று தொட்டிருக்கக்கூடும். மின்னேற்றும்போது ஐதரசன் வெளிவரும். ஒரு பொறி போதும் அது வெடிப்பதற்கு. கையுறையும் கண்ணாடியும் அணிந்து, சாய்க்காமல் எடுத்து, பழைய பற்றரிகளை ஏற்கும் இடத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.

இவ்வாண்டு வண்டியை நிறுத்துவதற்கு முன் எவ்வளவு மின் கசிகிறது என்பதை நீங்களே அளந்து பாருங்கள். எல்லாவற்றையும் அணைத்து, துண்டிப்புச் சுவிச்சையும் அணைத்த பின், பற்றரியின் மறைமுனையில் (கழித்தற் குறியுள்ள முனையில்) உள்ள கேபிளைக் கழற்றுங்கள். மல்டிமீற்றரின் சிவப்பு முள்ளை 10 அம்பியர் துளையில் செருகி, கழற்றிய கேபிளுக்கும் மறைமுனைக்கும் இடையே மீற்றரைப் பிடியுங்கள். திரையில் 0.02 அம்பியருக்குக் குறைவாக இருந்தால் பெரிய கவலையில்லை; 0.10 என்று காட்டினால் மேலே சொன்ன கணக்கு உங்கள் வண்டிக்குத்தான். அளக்கும்போது வண்டியின் வீட்டுப் பகுதிக் கதவைத் திறக்காதீர்கள்: கதவோடு இணைந்த வாசற்படி நீளும்; அதன் மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தில் மீற்றருக்குள் இருக்கும் பியூஸ் எரிந்துவிடும்.

கேபிளின் நிறத்தைப் பார்த்து முனையை முடிவுசெய்வதும் ஆபத்தானது. கார்களில் கறுப்பு என்றால் மறைமுனை. மோட்டார்ஹோமின் வீட்டுப் பகுதியிலோ வெள்ளை மறைமுனையாகவும் கறுப்பு நேர்முனையாகவும் இருப்பதுண்டு. பற்றரியின் மேல் பொறித்திருக்கும் கூட்டற் குறியையும் கழித்தற் குறியையும் மட்டுமே நம்புங்கள். கழற்றுமுன் கைபேசியில் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

நிறுத்தும் நாளில் செய்ய வேண்டியது இதுதான். வீட்டில் மின் இணைப்புக் கொடுத்துப் பற்றரிகளை முழுமையாக மின்னேற்றுங்கள். திறந்து நீர் ஊற்றும் வகையாக இருந்தால், மின்னேற்றம் முடிந்த பிறகு காய்ச்சி வடித்த நீரை மட்டும் ஊற்றி மட்டத்தைச் சரிசெய்யுங்கள். தகடுகள் நீருக்கு வெளியே தெரிந்தால் மட்டும் அவை மூழ்கும் அளவுக்கு முன்னதாகவே சிறிது ஊற்றலாம். புரொப்பேன் உருளையின் வால்வை மூடுங்கள். சூரியத் தகடு இருந்தால் முதலில் தகட்டின் இணைப்பையும், பிறகு பற்றரியின் இணைப்பையும் துண்டியுங்கள். வரிசை மாறினால் சில கட்டுப்பாட்டுப் பெட்டிகள் பழுதாகும். கடைசியாக மறைமுனைக் கேபிளைக் கழற்றி, திரும்பவும் முனையைத் தொடாதபடி துணி சுற்றிக் கட்டுங்கள். ஆண்டுதோறும் கழற்றுவது சிரமமென்றால் மறைமுனையிலேயே ஒரு கைச் சுவிச்சைப் பொருத்திக்கொள்ளலாம். விலை மிகக் குறைவு.

பற்றரிகளைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவர வேண்டுமா என்றும் சிலர் கேட்கிறார்கள். கொண்டுவந்து ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை மின்னேற்றுவீர்களானால் அது மிக நன்று. ஆனால் 25 முதல் 30 கிலோ எடையுள்ள பெட்டிகளைச் சுமந்து வந்து கராஜின் மூலையில் வைத்து மறந்துவிடுவதைவிட, முழுமையாக மின்னேற்றி, உண்மையிலேயே துண்டித்து, குளிரிலேயே விட்டுவிடுவது மேல் என்பேன். குளிரில் பற்றரி தானாக மின் இழக்கும் வேகமும் குறைகிறது.

கேள்வி: இந்தக் கோடையில் பழைய பற்றரிகளை மாற்றி லித்தியம் இரும்புப் பொசுபேற்றுப் பற்றரி போட்டிருக்கிறேன். ஈயப் பற்றரியைப் போலவே இதையும் முழுமையாக மின்னேற்றி, சார்ஜரில் மாட்டிவிடலாமா?
— வாசகர், கல்கரி

பதில்: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஈயப் பற்றரிக்கு நன்மை செய்யும் வழக்கங்களிற் பாதி லித்தியத்துக்குத் தீமை செய்கிறது. ஈயப் பற்றரி நிறைந்திருக்க விரும்பும். லித்தியம் பாதி நிறைந்திருக்கும்போதுதான் நீண்ட காலம் முதுமையடையாமல் இருக்கும். ஆகவே 50 முதல் 60 வீதம் வரை இருக்கும்படி விட்டு, எல்லா இணைப்பையும் துண்டித்துவிடுங்கள். தானாக இழக்கும் அளவு மாதத்துக்கு இரண்டு மூன்று வீதம் மட்டுமே என்பதால் குளிர்காலம் முழுவதையும் அது தாங்கும்.

மிக முக்கியமான எச்சரிக்கை வேறு. செல்லின் வெப்பநிலை பூச்சியப் பாகைக்குக் கீழே இருக்கும்போது மின்னேற்றினால், லித்தியம் உள்ளே நுழைய வேண்டிய கரித்தகட்டுக்குள் நுழையாமல் அதன் மேற்பரப்பில் உலோகமாகப் படிந்துவிடும். அந்தச் சேதம் மீளாது. நல்ல பற்றரிகளில் உள்ள கட்டுப்பாட்டுச் சுற்று குளிரில் மின்னேற்றத்தைத் தடுத்துவிடும் என்றாலும், மலிவானவற்றில் அந்தத் தடுப்பு இல்லாமலிருக்கலாம். கல்கரியில் பெப்ரவரி மாதத்து வெயில் தகட்டின் மீது நன்றாக விழும். கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் பற்றரியின் குளிர் தெரியாவிட்டால் அது மின்னை அனுப்பத்தான் செய்யும். எனவே சூரியத் தகட்டைக் கட்டாயம் துண்டியுங்கள். தன்னைத்தானே சூடாக்கிக்கொள்ளும் வகைப் பற்றரியாக இருந்தால் அந்த வசதியையும் அணைத்துவிடுங்கள்; இல்லாவிட்டால் சூடாக்கியே வெறுமையாகிவிடும்.

மின் எவ்வளவு மீந்திருக்கிறது என்பதை இதில் வோல்ட்டை வைத்துச் சொல்ல முடியாது. 20 வீதத்திலிருந்து 80 வீதம் வரை வோல்ட் 13.0க்கும் 13.3க்கும் இடையிலேயே நின்றுகொண்டிருக்கும். கணக்குவைக்கும் மீற்றரையோ பற்றரியின் கைபேசிச் செயலியையோ பாருங்கள். மிகவும் இறங்கிவிட்டால் கட்டுப்பாட்டுச் சுற்று வெளியீட்டையே பூட்டிக்கொள்ளும். அப்போது முனைகளில் பூச்சிய வோல்ட் தெரியும், சாதாரணச் சார்ஜருக்குப் பற்றரி இருப்பதே தெரியாது. அது இறந்துவிட்டது என்று எண்ணி எறிந்துவிடாதீர்கள். லித்தியத்துக்கென்றே செய்த சார்ஜர்கள் பல, அதை எழுப்பும் வசதியுடன் வருகின்றன. பற்றரியைச் சூடான அறையில் வைத்து, செல்கள் உள்வரை சூடேறிய பின்பே அதைச் செய்யுங்கள்.

கேள்வி: எங்களுடைய பழைய மோட்டார்ஹோம் வீட்டு வாசலிலேயே நிற்கிறது. கராஜில் உள்ள சாதாரண மின்துளையில் மாட்டி, குளிர்காலம் முழுவதும் அப்படியே விடலாமா?
— வாசகர், பிரம்டன்

பதில்: விடலாம், இரண்டு விடயங்களை உறுதிசெய்த பிறகு. (வாசலில் நிறுத்துவதற்குக் கட்டுப்பாடு விதிக்கும் நகரசபைகள் பல என்பதால் உங்கள் நகரசபையின் விதியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.)

முதலாவது, வண்டியில் உள்ள கொன்வேர்ட்டர் (வெளி மின்னைக் கொண்டு பற்றரியை மின்னேற்றும் கருவி) எந்த வகை என்பது. அண்மைக் காலக் கொன்வேர்ட்டர்கள் படிப்படியாக வேலை செய்கின்றன: முதலில் 14.4 வோல்ட் அளவில் நிரப்பி, பிறகு 13.6க்கு இறங்கி, நீண்ட நாள் அசையாமல் நின்றால் 13.2 அளவில் காத்துநிற்கும். பழைய வகைகள் பற்றரி நிறைந்ததை அறியாமல் ஒரே வோல்ட்டை, பெரும்பாலும் 13.8 அளவில், மாதக்கணக்கில் கொடுத்துக்கொண்டே இருக்கும். பற்றரி மெல்லக் கொதித்து நீர் வற்றும். தகடுகள் காற்றில் தெரியும். அந்த இடம் பிறகு வேலை செய்யாது. சோதிப்பது எளிது: இரண்டு நாட்கள் மாட்டி வைத்த பின் பற்றரி முனைகளில் அளந்து பாருங்கள். 13.6க்கு மேல் நிலைத்து நின்றால், மாதம் முழுவதும் மாட்டி வைக்காமல் மாதத்துக்கு ஒரு நாள் மட்டும் மாட்டுங்கள். அல்லது கொன்வேர்ட்டரை அணைத்துவிட்டு ஒன்றிரண்டு அம்பியர் கொடுக்கும் சிறிய பராமரிப்புச் சார்ஜர் ஒன்றைப் பற்றரியுடன் இணையுங்கள். எந்த வகையானாலும் நீர் மட்டத்தை மாதம் ஒருமுறை பாருங்கள்.

இரண்டாவது, வயர். 30 அம்பியர் செருகியை 15 அம்பியர் துளைக்கு மாற்றும் அடப்டர் கிடைக்கிறது. பற்றரியைப் பராமரிக்க அது தாராளமாகப் போதும். வெளியில் பாவிக்கத் தகுந்த 12 கேஜ் தடிப்புள்ள நீட்டிப்பு வயரை வாங்குங்கள். இணைப்புகள் பனியிற் புதையாமல் உயர்த்திக் கட்டுங்கள். அந்த இணைப்பில் குளிர்சாதனத்தையோ மின் அடுப்பையோ இயக்காதீர்கள். வெளித் துளைகளில் இருக்கும் மின்கசிவுப் பாதுகாப்புச் சுவிச் ஈரத்தால் அடிக்கடி விழும். விழுந்ததை யாரும் கவனிக்காவிட்டால், மாட்டி வைத்திருக்கிறோம் என்ற நிம்மதியோடு இருக்கும்போதே பற்றரி வெறுமையாகிவிடும். வண்டியின் 120 வோல்ட் துளையொன்றில் சிறிய இரவு விளக்கைச் செருகி, அதை யன்னல் ஓரத்தில் இருந்து தெரியும்படி வைத்துவிட்டால் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: பற்றரியைச் சீமெந்துத் தரையில் வைத்தால் மின் இறங்கிவிடும் என்று மாமா சொல்கிறார். உண்மையா?
— வாசகி, ஸ்காபரோ

பதில்: மாமா சொல்வது அவர் காலத்துக்கும் முந்தைய பற்றரிகளுக்குப் பொருந்தும். மரத்தாலும் கடின இறப்பராலும் பெட்டி செய்த நாட்களில் ஈரத் தரை வழியாக மின் கசிந்தது. இன்றைய பிளாஸ்ரிக் பெட்டிகளில் அப்படிக் கசிவதில்லை. ஆயினும் பற்றரியின் மேற்பரப்பில் அமிலமும் அழுக்கும் ஈரமாகப் படிந்திருந்தால் முனைக்கு முனை சிறிது மின் கசியும் என்பதால், அப்பச்சோடாவை நீரிற் கரைத்து, மூடிகளுக்குள் துளியும் போகாதபடி துடைத்து, உலர்த்தி வையுங்கள்.

கேள்வி: குளிர்காலத்தில் மாதத்துக்கு ஒருமுறை போய் எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு வருகிறேன். போதுமா?
— வாசகர், மிசிசாகா

பதில்: உங்கள் அக்கறை பாராட்டத்தக்கது, ஆனால் அந்தப் பத்து நிமிடம் நன்மையைவிடத் தீமையையே செய்கிறது. குளிரில் எஞ்சினைக் கிளப்புவதற்கு எடுத்த மின்னைக்கூட, நின்ற இடத்தில் மெதுவாக ஓடும் எஞ்சினின் ஓல்ரனேற்றர் (மின் உண்டாக்கும் பகுதி) அந்த நேரத்துக்குள் திருப்பிக் கொடுக்குமென்று நம்ப முடியாது. எஞ்சின் முழுமையாகச் சூடேறாததால் எரிதலில் உண்டான நீராவி எண்ணெயிலும் புகைக்குழாயிலும் தண்ணீராகத் தங்கிவிடும். தெருக்கள் உலர்ந்த ஒரு நாளில் அரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டிவிட்டு வர முடியுமானால் ஓட்டுங்கள். முடியாதென்றால் எஞ்சினைத் தொடாமல் விடுவதே நன்று.

எஞ்சின் பற்றரியை இதற்குள் பலரும் மறந்துவிடுகிறார்கள். பல மோட்டார்ஹோம்களில் வெளி மின்னை மாட்டினால் வீட்டுப் பகுதிப் பற்றரிகள் மட்டுமே மின்னேறும். எஞ்சின் பற்றரிக்கு எதுவும் போகாது. அதுவோ கணினிகளுக்கும் கதவுப் பூட்டுக்கும் மின் கொடுத்துக்கொண்டே இறங்குகிறது. அதன் மறைமுனையையும் கழற்றுங்கள். அல்லது அதற்குத் தனியாக ஒரு பராமரிப்புச் சார்ஜர் வையுங்கள்.

ஜெனரேற்றரின் நிலை வேறு. அதை ஓடாமல் விட்டால் காபரேற்றரில் தங்கிய பெற்றோல் பசையாகி அடைத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை பாதிச் சுமையுடன் ஓட்டும் வசதி இருந்தால் ஓட்டுங்கள். இல்லாவிட்டால் பெற்றோல் தாங்கியில், பெற்றோல் கெடாமல் காக்கும் நிலைப்படுத்தித் திரவத்தை ஊற்றி, அது காபரேற்றர் வரை போய்ச் சேரும்படி ஓடவிட்ட பின் நிறுத்துங்கள். மூடிய கராஜுக்குள் ஒருபோதும் ஓட்டாதீர்கள்.

கேள்வி: நாங்கள் குளிர்காலத்தை ஃபுளோரிடாவில் கழித்துவிட்டு, வண்டியை அங்கேயே விட்டுக் கோடைக்குத் திரும்புகிறோம். அங்கே உறையும் ஆபத்து இல்லையே, பற்றரியைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமா?
— வாசகர், ஒட்டாவா

பதில்: வெப்பம் மெதுவாகச் சேதம் செய்வதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. வெப்பநிலை 10 பாகை ஏறும்போதெல்லாம் ஈயப் பற்றரி தானாக மின் இழக்கும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. மூடிய வண்டியின் பற்றரி அறை வெளியைவிடச் சூடாக இருக்கும். ஒன்ராறியோவின் குளிரில் ஐந்து மாதம் தாங்கும் பற்றரி அங்கே துண்டித்து வைத்தாலும் தாங்காது. ஆகவே உங்களுக்குச் சூரியத் தகடுதான் பொருத்தம்: வெப்பத்துக்கேற்ப வோல்ட்டைக் குறைக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியுடன் அது இயங்கட்டும். நீர் ஊற்றும் வகைப் பற்றரியானால், கோடையின் நடுவில் யாராவது ஒருவர் போய் நீர் மட்டத்தைப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். ஏற்பாடு இல்லையென்றால் நீர் ஊற்றத் தேவையில்லாத மூடிய வகைக்கு மாறுவது நல்லது. லித்தியமானால் கல்கரி வாசகருக்குச் சொன்னதுபோலப் பாதி நிறைவில் துண்டித்து விடுங்கள். வெப்பமும் முழு மின்னேற்றமும் சேர்ந்தால் அது விரைவில் முதுமையடையும்.

கேள்வி: வசந்த காலத்தில் திரும்பவும் இணைக்கும்போது பற்றரி இன்னும் நல்ல நிலையில் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எங்கள் வண்டியில் 6 வோல்ட் பற்றரிகள் இரண்டு தொடராக இணைந்திருக்கின்றன.
— வாசகர், கிச்சினர்

பதில்: எதையும் மாட்டுவதற்கு முன் முதலில் அளந்து எழுதி வையுங்கள். இரண்டும் சேர்ந்து 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.4 என்றால் முக்கால், 12.1 என்றால் பாதிதான். 12.4க்குக் கீழே இறங்க விட்டிருந்தால் அடுத்த குளிர்காலத்தில் இடையில் ஒருமுறையாவது மின்னேற்ற வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் முழுமையாக மின்னேற்றி, எந்தச் சுமையும் இல்லாமல் ஓர் இரவு ஓய விட்டு, மீண்டும் அளந்து பாருங்கள். மின்னேற்றி முடித்த உடனே தெரியும் உயர்ந்த எண்ணை நம்பாதீர்கள். அது மேற்பரப்பு மின்னேற்றம், சில மணி நேரத்தில் இறங்கிவிடும்.

நீர் ஊற்றும் வகையில் கரைசலின் சாரடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீற்றரைப் போல உண்மை சொல்லும் கருவி வேறில்லை. ஒவ்வோர் அறையாக மூடியைத் திறந்து, கரைசலை உறிஞ்சி, மிதவை எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பாருங்கள். ஆறு அறைகளும் 1.265க்கு அண்மையில் நின்றால் குறையில்லை. எல்லாம் சமமாகத் தாழ்ந்திருந்தால் இன்னும் மின்னேற்றம் தேவை. ஐந்து சரியாக இருந்து ஒன்று மட்டும் 0.050க்கு மேல் தாழ்ந்திருந்தால் அந்த அறை பழுதடைந்துவிட்டது; சார்ஜரால் அதைக் காப்பாற்றுவது அரிது. தொடராக இணைந்த 6 வோல்ட் இணையில் ஒன்று பழுதானால் இரண்டையும் ஒருமித்து மாற்றுங்கள். புதியதும் பழையதும் சேர்ந்தால், பழையது முந்தி நிறைந்து கொதிக்கும், முந்தி வெறுமையாகி இழுபடும். புதியதும் முழுமையாக நிறையாமல் ஒன்றிரண்டு ஆண்டில் கெட்டுவிடும். திரும்ப இணைக்கும்போது நேர்முனையை முதலிலும் மறைமுனையைக் கடைசியிலும் மாட்டுங்கள்; சூரியத் தகட்டைப் பற்றரி இணைந்த பின்பே இணையுங்கள்.